சந்திரகலாவின் சுத்த ரத்தம்

"உங்களுக்கு இல்லம்மா. உங்க ரத்தத்துல அந்தக் கோளாறு கிடையாது" என்று டாக்டரம்மா சொன்னதும் சந்திரகலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரக்கூடாத இடத்தில் வந்த சிரிப்பு. சற்று முன்புதான் அதே டாக்டரம்மா பக்கத்தில் இருந்த மகள் அபியிடம், "உங்களுக்கு இருக்கும்மா" என்று சொல்லியிருந்தார். பெற்ற பெண் வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறாள், இவளுக்கோ நெஞ்சு குளிர்ந்துபோனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்து நர்ஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

மூத்தவள் சிந்துஜா சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. அவள் உயிரோடு இருக்கும்போதே டாக்டர்கள் சொன்னார்கள், இது பரம்பரையில் வருவது, அம்மா வழியாகவும் வரலாம், அப்பா வழியாகவும் வரலாம், எல்லோரும் ரத்தம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. சந்திரகலாவின் புருஷன் கிருஷ்ணசாமியின் காதில் 'அம்மா வழி' என்பது மட்டும்தான் விழுந்தது. மில் மூடியபிறகு ஓர் அபார்ட்மெண்டில் வாட்ச்மேன் வேலை பார்க்கிற மனிதருக்குப் பேசப் பொழுது கிடக்கிறது. "என் பொண்ண இவ வயிறுதான் கொன்னுச்சி" என்று பிணத்தை எடுக்கும்போது ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. மூலக்குளத்தில் அந்தத் தெருவே நம்பியது. போகப்போக சந்திரகலாவும் நம்பினாள். குளிக்கும்போது தன் அடிவயிற்றைத் தொடவே அருவருப்பாக இருக்கும். வில்லியனூரில் இருந்த கிருஷ்ணசாமியின் அக்கா வயிறு வீங்கிச் செத்தது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அதைச் செய்வினை என்று அப்போதே முடித்துவிட்டார்கள்.

"அப்படின்னா அப்பா வழியாத்தான் வந்திருக்கணும்" என்றார் டாக்டரம்மா. பிறகு அபியின் பக்கம் திரும்பினார். சினைப்பையில் வருகிற புற்று ஆரம்பத்தில் ஸ்கேனிலும் பிடிபடாது, வலி என்று வரும்போது முற்றியிருக்கும். நன்றாக இருக்கும்போதே இரண்டு சினைப்பைகளையும் குழாய்களையும் எடுத்துவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கலாம். ஆனால் மாதவிலக்கு உடனே நின்றுபோகும், இனிக் குழந்தை இல்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அபி யோசிக்கவில்லை. அக்காவின் கடைசி மாதங்களில் பீ மூத்திரம் அள்ளியவள் அவள்தான். "எடுத்துடுங்க மேடம்" என்றாள்.

ஆட்டோவில் வரும்போது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்மா, எங்க அத்தைக்கு மட்டும் தெரியக் கூடாது. நீர்க்கட்டின்னு சொல்லி அட்மிட் ஆயிடுறேன். அவருகிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். எடுத்து முடிக்கிற வரைக்கும் யாருகிட்டயும் வாயத் தொறக்காத. அப்பாகிட்ட கூட."

அபியின் மாமியார் தையல்நாயகிக்கு ஒரே பேத்தி கவிநிலா போதாது. பேரன் வேண்டுமென்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டுக்கொண்டிருக்கிறாள். "சிந்து மேல சத்தியமா சொல்ல மாட்டேன்" என்றாள் சந்திரகலா. செத்தவள் மேல் சத்தியம் செய்வதில் ஒரு வசதி, அதை மீறினால் அவளுக்கு இனி எதுவும் ஆகிவிடாது.

சொல்லாமல் இருந்தது பெரும்பாடாகப் போயிற்று. சாப்பிடும் கிருஷ்ணசாமிக்கு ரசம் ஊற்றிக்கொண்டே, "இரு, இரு, உனக்கு இருக்கு" என்று மனதுக்குள் கறுவுவாள். அபிக்காக நைட்டி, துண்டு, பிளாஸ்க் எல்லாம் வாங்கிப் பையில் அடுக்கி வைத்தாள். மகளை நினைத்து அழவும் செய்தாள். அழுது முடித்தால் திரும்பவும் அந்தச் சந்தோஷம் எட்டிப்பார்க்கும். தன்னையே காறித் துப்பிக்கொள்ளலாம் போல இருக்கும்.

ஆபரேஷன் திங்கட்கிழமை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை சிந்துஜாவின் நினைவு நாள் வந்தது. அவள் புருஷன் வேறு கல்யாணம் செய்துகொண்டதால் படையல் பிறந்த வீட்டில்தான். சுமங்கலியாகப் போனவள் என்று புதுச்சேலை, பூ, மஞ்சள் வைத்து, வடை பாயசத்தோடு படைத்தார்கள். படைத்த சேலையை அபி கட்டிக்கொள்ள வேண்டும் என்பது முறை. ரெட்டியார்பாளையத்திலிருந்து அபி, அவள் புருஷன் கோபிநாத், தையல்நாயகி மூவரும் வந்திருந்தார்கள். கூடம் நிறைய உறவு. கற்பூரம் காட்டி முடித்த கிருஷ்ணசாமி படத்தைப் பார்த்துக் குரல் உடைந்தார்.

"யாரு வயித்துல போயி பொறந்தியோ, உன்னக் கொண்டுபோயிடுச்சே."

வாய் திறந்தபிறகுதான் தான் பேசுகிறோம் என்பதே சந்திரகலாவுக்குத் தெரிந்தது. "யோவ், என் வயிறு இல்லய்யா! டாக்டரு பாத்துச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணுமில்ல. எல்லாம் உன் ரத்தம். உங்க அக்கா எதுல செத்தா? சிந்துவக் கொன்னதும் அதான், இப்ப அபி ரத்தத்துல இருக்கறதும் அதான்! அது வராம இருக்கத்தான் சினைப்பையவே எடுக்கறா!"

கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கிருஷ்ணசாமி சிரித்தார். "பொம்பள வியாதி ஆம்பளகிட்டயிருந்து எப்டிடி வரும்? எனக்கென்ன கர்ப்பப்பையா இருக்கு?" யாரோ ஒருவர் சிரித்தார், இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். அவள் சொன்னதில் பாதி யார் காதிலும் ஏறவே இல்லை. மற்றப் பாதி எல்லோருக்கும் நன்றாகக் கேட்டிருந்தது. "அடிப்பாவி, ரெண்டாவதுக்கும் குடுத்துட்டியாடி?" என்றார் கிருஷ்ணசாமி.

தையல்நாயகி பாயசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "சம்மந்தி, அப்ப திங்கக்கெழம எடுக்கறது நீர்க்கட்டி இல்லியா?" மகன் பக்கம் திரும்பினாள். "டேய் கோபி, உனக்குத் தெரியுமாடா?"

தெரிந்து, சரி என்று அபிக்கு வாக்கும் கொடுத்திருந்த கோபிநாத், "எனக்கு எதுவும் தெரியாதும்மா" என்று சொல்லிவிட்டு வண்டிச் சாவியைத் தேட ஆரம்பித்தான்.

"வராத வியாதிக்கு வயித்த அறுக்கறதா? என் புள்ளைக்கு வாரிசு வேணாமா? கெளம்பு. கையெழுத்து எவன் போடுறான்னு பாக்கறேன்" என்றாள் தையல்நாயகி.

படைத்த சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அபி நின்றாள். சந்திரகலா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்தாள். "கண்ணு, அவரு பேசுனதுல ஆத்திரத்துல வந்துடுச்சி." அபி கையை விலக்கிவிட்டுச் சேலையை அம்மாவிடம் கொடுத்தாள். "அன்னிக்கி டாக்டர் ரூம்ல நீ சிரிச்சத நான் பாத்தேம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

சனியும் ஞாயிறும் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அபி எடுக்கவில்லை. திங்கட்கிழமை சந்திரகலா அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனாள். ஆபரேஷன் வார்டுக்கு வெளியே வரிசையாக நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் தான் உட்கார்ந்து பக்கத்து நாற்காலியில் பையை வைத்தாள்.

நர்ஸ் வந்து, "அபி... அபி யாரும்மா?" என்று கூப்பிட்டாள். பிறகு இன்னொரு தடவை கூப்பிட்டாள். அப்புறம் வேறு பெயரைக் கூப்பிட, மெலிந்த ஒரு பெண் எழுந்து, போட்டிருந்த வளையல்களைக் கழற்றித் தன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

உட்கார இடம் தேடி வந்த ஒருவர் பையைக் காட்டி, "இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டார்.

"என் பொண்ணு வருது" என்றாள் சந்திரகலா. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காலியான நாற்காலியின் மேல் உள்ளங்கையை விரித்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.