தேனீப் புத்தகத்தின் பாக்கி

ஜன்னல்காரர் நூலகத்துக்குக் கட்ட வேண்டிய பாக்கி ஆயிரத்து முந்நூற்று நாற்பத்தாறு ரூபாய். தொலைந்த புத்தகத்தின் விலை நானூற்று இருபது. தொலைத்தால் மூன்று மடங்கு கட்ட வேண்டும் என்பது விதி. அதன்மேல், தேடிப் பார்க்கிறேன் தேடிப் பார்க்கிறேன் என்று அவர் இழுத்த எண்பத்தாறு நாளுக்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். கணக்கில் பிசகில்லை. ஆனால் புத்தகத்தைத் தொலைத்தது அவர் இல்லை. அது ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

அவளை எல்லோரும் டோக்கன் அக்கா என்பார்கள். வாசலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் அவளுடைய இடம். பையை வாங்கி அலமாரித் தட்டில் வைத்துவிட்டு, எண் அடித்த தகரத் துண்டைக் கொடுப்பாள். காண்ட்ராக்ட் வேலை. இடுப்பு முறிந்த கணவர் கட்டிலோடு கிடக்க, அந்தச் சம்பளத்தில்தான் வாடகை, மாத்திரை, எல்லாம்.

ஜன்னல்காரர் ஒரு காலத்தில் டைல்ஸ் ஒட்டினவர். முட்டி போனது, வேலை போனது, பின்னாலேயே வாடகை அறையும் போனது. நல்ல நாளில் வாங்கிய நூலக அட்டை மட்டும் கூட வந்தது. கதவு திறந்ததும் வருவார். இரண்டு பைகளைக் கொடுப்பார். முகம் கழுவிக்கொண்டு மேற்கு ஜன்னலோரம் போய் உட்காருவார்; அதனால்தான் அந்தப் பெயர். கையில் அவர் அட்டையில் எடுத்த, தேனீ வளர்ப்பைப் பற்றிய தடிமனான புத்தகம்.

"தேனீ வளக்கப் போறீங்களாண்ணே?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"நீ வேறம்மா. அத்தனை உசிரு ஒரு பொட்டிக்குள்ள சண்டை போடாம எப்படிக் குடும்பம் நடத்துதுன்னு பாக்குறேன். இங்க ஒரு பெஞ்சுக்கே அடிதடி."

ஒரு மத்தியானம் நாற்காலியிலிருந்து அப்படியே சரிந்தார். ஆம்புலன்ஸ் வந்து தூக்கிப் போனது. பைகள் தட்டிலேயே தங்கிவிட்டன. மூன்று நாளுக்குமேல் யாரும் கேட்காத பையைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பதிவேட்டில் எழுதிவிட்டுத்தான் அப்புறப்படுத்த வேண்டும். பைகள் நாறின. மூட்டைப்பூச்சி வீட்டுக்குத் தொற்றிக்கொண்டால் கணவர் உடம்பு தாங்காது என்று அவளுக்குப் பயம். திறக்கவில்லை. 'பழைய துணிகள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டாள்.

ஒன்பது நாள் கழித்துத் திரும்பி வந்தவர் முதலில் கேட்டது அதைத்தான். "அந்தத் தேனீப் புஸ்தகத்தை அன்னிக்குச் சின்னப் பையிலயே விட்டுட்டேன், இருந்துச்சாம்மா?"

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிட்டாங்கண்ணே" என்றாள். எடுத்துப் போனது யார் என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. எண்பத்தாறு நாள் குப்பைக் கிடங்கு, பழைய புத்தகக் கடை என்று முட்டியை இழுத்துக்கொண்டு அலைந்தார். பிறகு அலுவலகத்தில் போய், தொலைந்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்.

பாக்கி இருந்தால் புத்தகம் எடுத்துப் போக முடியாது, அவ்வளவுதான். உட்காரத் தடையில்லை. அதனால் அவளும் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். செல்போன் சார்ஜ் போடும் இடத்தில் வாய்த்தகராறு முற்றி, யாரோ ஒருவன் இடுப்பிலிருந்து கத்தியை உருவினான். பரீட்சைக்குப் படிக்க வந்த பெண் குறுக்கே மாட்டினாள். கையில் ஆறு தையல். டோக்கன் அக்கா மேஜைக்கடியில் பதுங்கிக்கொண்டு, தரையில் ரத்தம் சொட்டுவதைப் பார்த்தாள். இரண்டு ராத்திரி அவளுக்குத் தூக்கமில்லை. மறுநாள் அந்தப் பெண்ணின் அம்மா வந்து வாசலிலேயே நின்று கத்தினாள்: "நம்பித்தானே அனுப்புறோம்? கண்டவனெல்லாம் படுத்துக் கிடக்க இது என்ன சத்திரமா?"

காண்ட்ராக்டர் டோக்கன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ பையைச் சரியா பாக்குறியான்னு மேல கேக்குறாங்க. இன்னொரு புகார் வந்துச்சுன்னா வீட்டோட இருந்துக்கோ."

அடுத்த திங்கட்கிழமை புது விதி ஒட்டினார்கள். அட்டை உள்ளவர்களுக்கு மட்டுமே அனுமதி. பாக்கி உள்ள அட்டை செல்லாது.

கத்தி எடுத்தவன் வீடுள்ளவனா இல்லாதவனா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. வெளியே நின்றது ஜன்னல்காரர்.

எதிரே சைக்கிள் நிறுத்தும் கொட்டகைத் தகரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வெயிலில் தகரம் அனலைக் கக்கியது. சாப்பாட்டு நேரத்தில் தண்ணீர் பாட்டிலோடு போனாள்.

"தலை சுத்துதாண்ணே?"

"இல்லைன்னா சந்தோஷப்படுவியா, அப்ப இல்லை" என்று சிரித்தார். "கைய வெட்டிட்டாங்கல்ல, பாவம் பொண்ணு. நீ என்ன பண்ணுவ, போம்மா. உன்னைத் தேடப் போறாங்க."

அந்த 'நீ என்ன பண்ணுவ' அவளை என்னவோ செய்தது.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். பணத்தைக் கட்டிவிட்டால் இரண்டு பேரும் தப்பலாம். சம்பள நாளன்று கணவரிடம் சொன்னாள்.

"மாத்திரைக்கு?" என்றார் அவர்.

"கடையில கடன் சொல்லிக்கிறேன்."

"அந்தாளு உனக்கு அண்ணனா தம்பியா?"

"பையைத் தூக்கிப் போட்டது நான்."

அவர் தலைமாட்டிலிருந்த மாத்திரைகளை எண்ணினார். "பாதி மாத்திரையா சாப்பிட்டுக்கிறேன். போய்க் கட்டிட்டு வா."

மறுநாள் அலுவலக அறையில் எழுத்தர் முன்னால் பணத்தை வைத்தாள். ஜன்னல்காரரின் அட்டை எண்ணைக் கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு அவர் பணத்தை அவள் பக்கமே தள்ளினார்.

"இதுக்கு எதுக்குக்கா பணம்? நேத்தே பாக்கியைத் தள்ளுபடி பண்ணியாச்சு."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப உள்ள வரலாமா சார்?"

"எப்படி வருவாரு? அட்டையும் ரத்து. கணக்கு வருஷக் கடைசில்ல? பாக்கிக்காரங்க விலாசத்துக்கு லெட்டர் போட்டோம். இவரோடது ஆள் இல்லன்னு திரும்பி வந்துடுச்சு. ஆள் இல்லைன்னா ரத்து. ரத்தானா பாக்கியும் போயிடும்."

"ஆள் இல்லையா? எதிர்க்கொட்டகையிலதான் சார் உக்காந்திருக்காரு! ஜன்னல் வழியாப் பாருங்க, தெரியும்."

"கொட்டகைக்கு எப்படிக்கா லெட்டர் போடுறது?"

"சார், அந்தக் கடனைத் திரும்பப் போட்டுடுங்க சார். நான் கட்டிடுறேன். அட்டையும் கூடவே வந்துடுமில்ல?"

எழுத்தர் சிரித்துவிட்டார். "தள்ளுபடி பண்ணுங்கன்னு அழுறவங்களைப் பாத்திருக்கேன், கடனைப் போடுன்னு கேக்குற மொத ஆளு நீதான். புது அட்டை வாங்கச் சொல்லு. விலாசச் சான்று, வாடகைச் சீட்டு, ரெண்டு போட்டோ."

அதற்குமேல் அவளால் அடக்க முடியவில்லை. "அவரு தொலைக்கல சார். நான்தான் திறந்து பாக்காம குப்பையில போட்டேன். பதிவேட்டுல பொய் எழுதினேன்."

எழுத்தர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கெட்டவர் இல்லை. "இத இன்னொருத்தர் காதுல போடாத. பாக்கியே இல்லாத புஸ்தகத்துக்கு யாரைத் தப்பு சொல்றது? உன் வேலை போகும். அதனால அவரு உள்ள வந்துடுவாரா?"

அவள் பணத்தைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் கேட்டதற்கு, பாக்கி இல்லை என்று ஒரு சீட்டு மட்டும் எழுத்தர் அச்சடித்துக் கொடுத்தார்.

கொட்டகையில் ஜன்னல்காரர் அதை நிதானமாக இரண்டு முறை படித்தார். "பாக்கி இல்லையாமே!" என்று ஆச்சரியப்பட்டு, சுவரைப் பிடித்து எழுந்தார். அட்டை ரத்து என்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்துவிட்டார்.

வாசல் காவலாளி சீட்டைப் படித்தார். "ஆமா பெரியவரே, பாக்கி ஒண்ணும் இல்ல" என்று மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். "அட்டை எங்க?"