தரையில் ஒட்டிய சமையலறை

நாடகத்தில் வரும் அம்மா யாருடைய அம்மா என்று பட்டறையில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாட்டுக்காரி மழுப்பியிருப்பாள். அது அவளைப் பெற்ற அம்மாதான். அச்சு அசல், ஒரு மாற்றுத்துணிகூட உடுத்திவிடாமல் அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருந்தாள்.

மூடிப்போன அச்சகம் ஒன்றின் கிடங்கில் அந்தப் பாட்டு நாடகம் உருவாகிக்கொண்டிருந்தது. கையில் முழுக் கதை கிடையாது; அம்மாவோடு வாழ்கிற ஒரு பெண்ணைப் பற்றியது என்பது மட்டும்தான் தெரியும். இயக்குநர், இசையமைப்பவர், பாட்டு எழுதும் இந்தப் பாட்டுக்காரி, நடிகர்கள் என்று எல்லோரும் காலையில் வட்டமாக உட்கார்ந்து, நடித்துப் பார்த்து, பாடிப் பார்த்து, சண்டை போட்டுக் கதையைக் கட்ட வேண்டும். சமையலறைச் சுவருக்கும் கதவுக்கும் பதிலாகத் தரையில் மஞ்சள் டேப். அந்த டேப்பை வைத்து அங்கே ஒரு பழக்கம் உண்டாகியிருந்தது. யார் எதைச் சொன்னாலும் அது வெறும் பேச்சு. எல்லோரும் தலையாட்டியபின் இயக்குநர் "ஒட்டிடலாமா?" என்பார். ஒரு துண்டு டேப்பில் முடிவை எழுதித் தரையில் ஒட்டிவிட்டால் தீர்ந்தது. அதற்கப்புறம் அதுதான் கதை.

இசையமைப்பவர் மெட்டைத் 'தன்னன்ன தானன்னா' என்று பாடிக் காட்டுவார். நிஜ வரி வரும்வரை நடிகர்கள் வாயில் போட்டுக்கொள்ள இவள் டம்மியாக ஏதாவது கொடுக்க வேண்டும். முதல் நாள் அவள் வாயில் வந்தது, காலையில் படியிறங்கும்போது அம்மா முதுகுக்குப் பின்னால் தினமும் பாடும் பல்லவி.

"வெளக்க அணைச்சியா, கதவச் சாத்துனியா, வெறும் வயித்தோட எங்கடி கெளம்புற?"

மெட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. வட்டமே விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அம்மா கெடச்சுட்டாங்கப்பா, ஒட்டுங்க" என்றார். டம்மி வரியை மறுநாளே மாற்றிவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் அரிச்சுவடி. இவள் மாற்றவில்லை. சோம்பல் பாதி, கர்வம் பாதி. அதன்பின் அம்மாவின் திட்டு, நடை, கொட்டாவி, செத்துப்போன அப்பாவோடு ஜன்னலோரம் நின்று அம்மா பேசுகிற பேச்சு என்று எல்லாவற்றையும் மூட்டை கட்டி வந்து வட்டத்தின் நடுவில் அவிழ்த்தாள். வீட்டில் இருப்பதே அம்மாவும் அவளும்தான். வேறு யாரிடம் போய் எடுப்பாள்?

அம்மா வேஷம் போட்டவளை எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுவார்கள். அவள் ஒருநாள் சலித்துக்கொண்டாள். "பாட்டு பூரா நின்னுக்கிட்டே இருக்க முடியலப்பா. அம்மாவுக்கு எடது கால் சரியா வராதுன்னு வெச்சுக்கலாமா? நடுநடுவுல உக்காந்துக்குவேன்ல?"

நொண்டிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. ஒட்டினார்கள்.

அன்று மாலை வீட்டுக் கதவைத் திறந்த அம்மா இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள்.

"கால்ல என்னம்மா ஆச்சு?"

"புதுசா என்ன ஆகணும்? இந்த எடது காலு என்னிக்கு எம்பேச்சக் கேட்டிருக்கு?"

அன்று காலையில் மொட்டைமாடிக்கு ஈரத்துணி வாளியோடு ஏறிப் போன அம்மா. பாட்டுக்காரி தைலத்தை எடுத்துத் தேய்த்துவிட்டாள். வயசாகிறது, எங்கேயோ இடித்துக்கொண்டு மறைக்கிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அடுத்த வாரம் இயக்குநருக்கு ஜன்னல் உறுத்தியது. அம்மா அப்பாவோடு பேசும்போது பார்ப்பவர்களுக்கு அவள் முதுகுதான் தெரிகிறதாம். இடது பக்கத்து டேப்பை உரித்து வலது பக்கம் ஒட்டச் சொன்னார். பாட்டுக்காரிதான் குனிந்து ஒட்டினாள்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வலது பக்கத்து வெறும் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் சுண்ணாம்பைப் பிறாண்டிக் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தன.

"இந்த ஜன்னல் ஏண்டி தொறக்க மாட்டேங்குது? உங்கப்பா எவ்ளோ நேரமா வெளிய நிக்கறாரு."

இடது பக்கம் நிஜ ஜன்னல் விரியத் திறந்து கிடந்தது. காற்றில் அதன் கதவு அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பொறுத்தவரை அந்தப் பக்கம் சுவர். பாட்டுக்காரி பயந்தாள். சும்மா இல்லை, கதவைச் சாத்திக்கொண்டு வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற அளவுக்குப் பயந்தாள்.

காலையில் பட்டறைக்குப் போனதும் சண்டையை ஆரம்பித்தாள். நொண்டி வேண்டாம், பாட்டு இழுக்கிறது, தாளம் தப்புகிறது என்று வாயில் வந்த காரணத்தையெல்லாம் சொன்னாள். நெட்டையின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் வட்டம் தலையாட்டியது, டேப் உரிந்தது. ஜன்னலை மட்டும் இயக்குநர் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் பிடித்த பிடி அப்படி.

மாலையில் அம்மா கீழே கடைக்குப் போய்ப் பாலோடு விறுவிறுவென்று படியேறி வந்தாள்.

"கால் எப்டிம்மா இருக்கு?"

"எந்தக் காலுடி? ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு, எண்ணிக்கோ."

பாலை வைத்துவிட்டு நேராக வெறும் சுவருக்குப் போய் நின்றுகொண்டாள்.

இனி சந்தேகமே இல்லை. யாரிடம் சொல்ல? இயக்குநரிடம் சொன்னால், 'அட, நல்லாருக்கே, ஒட்டிடலாமா?' என்பார். விட்டுவிட்டு ஓடிவிடலாம் என்றால் அம்மா அந்தக் கிடங்கின் தரையில் கிடக்கிறாள். இவள் போன பிறகு அவளை யார் எப்படி மாற்றுவார்கள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் தினமும் முதல் ஆளாகப் போய்க் கடைசி ஆளாகத் திரும்பினாள். அவளுக்கு எவ்வளவு அக்கறை என்று எல்லோரும் மெச்சினார்கள்.

அப்போதுதான் இயக்குநர் ஒரே போடாகப் போட்டார். "எடவேளைக்கு முன்னாடி அம்மா சாகணும்."

இசையமைப்பவர் அதற்குள் மெட்டோடு வந்திருந்தார். ஹார்மோனியத்தைத் திறந்து பாடிக் காட்டினார். தாலாட்டைப் போலத் தொடங்கி, பாதியில் யாரோ கையை உதறிவிட்டுப் போவதுபோல முறிகிற மெட்டு. அதற்கு வரி எழுத வேண்டியவள் இவள். மறுத்திருக்கலாம். கை வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, எழுதினாள். மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். எழுதுகிறபோது சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பெற்ற தாயின் சாவுக்கு எதுகை கிடைத்த சந்தோஷம். அந்தப் பாழாய்ப்போன தொழில் அப்படிப்பட்டது.

நெட்டை பாடினாள். கதவோரம் டீ கொடுக்க வந்தவர்கூட அப்படியே நின்றுவிட்டார். மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் கேட்டது.

"அழுத கையோட முடிவு எடுக்கக் கூடாது. நாளைக்குக் காலைல ஒட்டிடலாம்" என்றார் இயக்குநர்.

அன்று வீட்டில் அம்மா தன் துணிகளையெல்லாம் கட்டிலில் கொட்டி, நல்லதைத் தனியாக, கிழிசலைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். மடித்துக்கொண்டே ஏதோ முணுமுணுத்தாள். வாசலில் நின்ற பாட்டுக்காரிக்குக் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. அதே மெட்டு. முறிகிற இடத்தில் சரியாக முறிந்தது.

"என்ன பாட்டும்மா இது?"

"தெரியலடி. மத்தியானத்துலேர்ந்து வாயில வந்துக்கிட்டே இருக்கு. நல்லாருக்குல்ல?"

"நல்லாருக்கும்மா."

கொடுமை என்னவென்றால், நன்றாகத்தான் இருந்தது. இனி ஆயுசுக்கும் இப்படி ஒரு பாட்டு அவளுக்கு எழுத வராது.

"இந்தத் துணியெல்லாம் யாருக்கும்மா?"

"யாருக்கோ. எனக்கு இனிமே எதுக்கு இவ்ளோ?" என்றாள் அம்மா, சாதாரணமாக.

மறுநாள் வட்டம் கூடியதும் பாட்டுக்காரி உட்காரவே இல்லை. "அம்மா சாகக் கூடாது."

"சாகலேன்னா ரெண்டாம் பாதில அந்தம்மாவுக்கு என்ன வேல?" என்றார் இயக்குநர். "சும்மா உக்காந்து பாத்திரம் கழுவுவாங்களா? ஒண்ணு சாகணும். இல்லாட்டி ஆரம்பத்துலேர்ந்தே இருக்கக் கூடாது."

அவர் பேச்சுவாக்கில்தான் சொன்னார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். நாடகத்திலேயே இல்லாத ஒருத்தியை நாடகம் என்ன செய்துவிட முடியும்?

"தூக்கிடுங்க. அம்மாவே வேணாம்."

"எம்பாட்டு?" என்று இசையமைப்பவர் எழுந்தே விட்டார். "நீயே எழுதின பாட்டுமா அது! பைத்தியமா உனக்கு?"

"ஆமா, பைத்தியம்தான். தூக்குங்க."

ஒரு மணி நேரம் கத்தினார்கள். அவளும் விடவில்லை. கெஞ்சினாள், மிரட்டினாள், ஒரு கட்டத்தில் இயக்குநரின் காலையே பிடித்துவிட்டாள். நெட்டை பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கடைசியில் இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு கேட்டார். "சரி. அப்ப அந்தப் பொண்ணுக்கு அம்மாவே கெடையாது. எப்பவுமே இருந்ததில்ல. ஒட்டிடலாமா?"

"ஒட்டுங்க" என்றாள், அவர் முடிக்குமுன்பே.

மண்டியிட்டு அவளே உரித்தாள். அடுப்பு, தொட்டி, ஜன்னல், கதவு என்று மஞ்சள் டேப் நகத்தில் சிக்கிச் சிக்கி வந்தது. சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுத் துண்டில் இயக்குநர் சொன்னதை எழுதி ஒட்டினாள். தரை மொட்டையாகக் கிடந்தது. அவளுக்கு மூச்சு வந்தது.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது நிஜ ஜன்னலில் அம்மா தெரிந்தாள். கொக்கியை மாட்டி, கதவை நேராக்கிவிட்டு, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாள், அவளுக்குச் சரியான ஜன்னல் தெரிகிறது. பாட்டுக்காரி தெருவென்றும் பார்க்காமல் கையை ஆட்டினாள். அம்மா யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மாடிக்கு ஏறிச் சாவியைப் போட்டாள். திரும்பவில்லை. இன்னொரு முறை போட்டாள். பிறகு மணியை அடித்தாள்.

கதவு பாதி திறந்தது. "யாரும்மா? யாரப் பாக்கணும்?"

அம்மாவின் தோளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. ஒரே ஒரு கட்டில். ஒரே ஒரு தட்டு கழுவிக் கவிழ்த்திருந்தது. அவளுடைய அலமாரி நின்ற இடத்தில் வெள்ளைச் சுவர், அதில் ஒரு கீறல்கூட இல்லை. கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினால் அம்மா பயந்துவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

"வீடு மாறி வந்துட்டீங்களா?" என்றாள் அம்மா. கண்ணில் நீர் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். "ஏம்மா, மொகமெல்லாம் இப்டி வேர்த்துருக்கு? தண்ணி வேணுமா?"

செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாட்டுக்காரி முழுவதையும் குடித்தாள். குடித்து முடிக்கும்வரை அம்மா அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்களுக்கு அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றாள் பாட்டுக்காரி. "நல்லா இருக்காங்க."

"அப்ப ஏன் இங்க நின்னுக்கிட்டு? இருட்டப் போவுது, வீட்டுக்குப் போங்க. தேடுவாங்கல்ல."

செம்பை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.