அல்டோனாவின் முன்கதவு

அறுபத்திரண்டு வயதில் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதித்தபோது அல்டோனா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். மாதா கோவிலுக்கு முன்கதவு வழியாகத்தான் கிளம்புவாள்.

சிகாகோவின் தெற்குப் பக்கத்தில், லித்துவேனியர்கள் நிறைந்த அந்தத் தெருவில், முன்கதவு என்பது பார்ப்பதற்கு மட்டும். வரிசையாக ஒரே அச்சில் வார்த்தது போன்ற செங்கல் வீடுகள். தாழ்ந்த கூரை, முன்னால் துருத்திய ஜன்னலில் வண்ணக் கண்ணாடி, ஓரமாக ஏறும் கல்படி. முன்சுவருக்கு வழவழப்பான உயர்ந்த செங்கல். பக்கத்துக்கும் பின்னுக்கும் மலிவுச் செங்கல். முகத்துக்கு மட்டும் பவுடர் பூசிக்கொண்ட வீடுகள். முன்கூடத்தில் யாரும் உட்காருவதில்லை. சமையல், சாப்பாடு, சண்டை எல்லாம் கீழே நிலவறையில். வருகிறவர்கள் இரண்டு வீட்டுக்கு நடுவிலுள்ள சந்தில் நுழைந்து பக்கவாசலைத் தட்டுவார்கள். முன்கதவைத் தட்டினால் போலீஸ்காரனாக இருக்கவேண்டும், அல்லது வழிதவறியவனாக.

அவள் கட்டிக்கொள்ளப்போகும் ஸ்டாசிஸும் இரண்டு வருஷமாகச் சந்து வழியாகத்தான் வந்துகொண்டிருந்தார், தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு. ஊர் வாய்க்குப் பயந்து அல்டோனாதான் அப்படி வரச் சொல்லியிருந்தாள். ஒளித்து ஒளித்து இப்போது அவளுக்கே அலுத்துவிட்டது. கல்யாணத்தன்றும் சந்தில் நழுவிப் போனால் இந்தக் கல்யாணமும் மறைத்துவைத்த பண்டம்போல ஆகிவிடும். இதையெல்லாம் அவள் யாரிடமும் விளக்கவில்லை. கதவைத் திறங்கள் என்றாள், அவ்வளவுதான்.

கதவு திறக்கவில்லை. குளிர்காற்றுக்குப் பயந்து காலமான அவளுடைய முதல் கணவர் பெட்ராஸ் என்றைக்கோ அதன் இடுக்கெல்லாம் அடைத்து, மேலே கனமாக வண்ணமும் பூசிவிட்டிருந்தார். அன்று காலையில் மகன் ரிமாஸ் கத்தியால் இடுக்குகளைக் கீறிவிட்டு, ஸ்டாசிஸையும் கூட்டிக்கொண்டு சந்து வழியாகச் சுற்றி முன்படிக்குப் போனான். உள்ளே பெட்ராஸின் தங்கை ஒனுத்தே தன் பருத்த தோளைக் கதவில் சாய்த்தாள்.

கதவிலிருந்த தபால் துளை வழியாக ரிமாஸின் குரல் வந்தது.

"அத்தை, நாங்க தள்ளுறோம். நீங்களும் சேர்ந்து தள்ளுங்க."

"தள்ளிட்டுதான்டா இருக்கேன். காலையில என்ன சாப்பிட்டே, வெறும் காப்பியா?"

"கதவு லேசா அசையுது அத்தை."

"இந்தப் பக்கமுந்தான் அசையுது. விடாதே."

வெளியே ஸ்டாசிஸ் மூச்சிரைப்பது கேட்டது. "ஒனுத்தே, உங்க அண்ணன் சிமென்ட் வெச்சுப் பூசிட்டாரா?"

"உங்களை மாதிரி ஆளு வருவாங்கன்னு அவனுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு."

கோவில் மணி அடிக்கத் தொடங்கியது. ஒனுத்தே நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, பேசாம பக்கவாசல்லயே போயிடுவோம். மாதா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா. நேரமாச்சு."

அல்டோனா பூங்கொத்தைப் பிடித்தபடி கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். போய்விடலாம்தான். பழகிய வழி. யாரும் பார்க்கமாட்டார்கள். அதை நினைத்ததும் பூங்கொத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். ஒனுத்தே மறுபடி தோளைக் கொடுத்தாள். கதவு முனகியது. அல்டோனாவின் கண் அதன் ஓரத்துக்குப் போயிற்று. கீல்கள் உள்பக்கம் இருந்தன.

அப்படியென்றால் கதவு உள்ளே திறக்கிற கதவு. இத்தனை வருஷம் குடியிருந்த வீட்டில் இது ஒருத்தருக்கும் தெரியவில்லை.

வயிற்றின் அடியிலிருந்து சிரிப்பு கிளம்பியது. அவள் வாயைப் பொத்தினாள்; மூக்கு வழியாக வந்தது. பூங்கொத்து குலுங்கி இதழ்கள் உதிர்ந்தன.

"அடக் கடவுளே, அண்ணிக்கு என்னமோ ஆயிடுச்சு."

"ஒனுத்தே... நீ... நீ அந்தப் பக்கம் தள்ளுறே. அவங்க இந்தப் பக்கம் தள்ளுறாங்க." அதற்குமேல் பேச முடியாமல் அல்டோனா கீலைக் காட்டினாள்.

ஒனுத்தே பார்த்தாள். "ஐயோ, நாசமாப் போச்சு," என்று தோளை எடுத்தாள். வெளியே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை.

கதவு படாரென்று திறந்தது. ரிமாஸும் ஸ்டாசிஸும் கட்டிப்பிடித்த கோலத்தில் உள்ளே வந்து கம்பளத்தில் விழுந்தார்கள். ஸ்டாசிஸின் கோட்டுப் பொத்தான் ஒன்று உருண்டு எங்கோ போயிற்று.

"மாப்பிள்ளை வலது கால் எடுத்து வெச்சுத்தான் வரணும்," என்றாள் ஒனுத்தே. "இவர் தாடையை எடுத்து வெச்சு வந்திருக்கார்."

ஸ்டாசிஸ் எழுந்திருக்கப் பார்த்தார், சிரிப்பில் முடியவில்லை. அல்டோனா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரையும் மகனையும் தாண்டி வெளியே வந்தாள்.

வெயிலில் கண் கூசியது. சத்தம் கேட்டு எதிர்வரிசைப் படிகளிலெல்லாம் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். அல்டோனா படியின் பக்கச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். செங்கல் கதகதப்பாக இருந்தது.

எதிர்வீட்டுக்காரி மெதுவாகக் கேட்டாள். "அல்டோனா, என்ன விசேஷம்?"

"கல்யாணம்," என்றாள் அல்டோனா. தெருக்கோடி வரை கேட்கிற குரலில், "எனக்குத்தான். மாப்பிள்ளை உள்ள தரையில கெடக்கார். எழுந்ததும் கிளம்புறோம். எல்லாரும் வாங்க."