கோக்கி வைத்த குழம்பு

அழகுமுத்து நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் சமையல் செய்யும் கோக்கி. அவன் செய்யும் ஆட்டிறைச்சி ரோஸ்ட்டுக்காகவே திருக்கோணமலையிலிருந்து கப்பற்படைத் துரைமார் லீவு போட்டுவிட்டு வருகிறார்கள் என்று அவன் மனைவி அம்மாக்கண்ணு அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வாள். ஆனால் புருஷன் சமைத்த சோற்றை அவள் ஒருவாய்கூடத் தின்றதில்லை. வட்டகொடைப் பக்கத்தில் ஒரு துரை பங்களாவின் குசினிக்குள் சின்ன வயதில் சமைக்கப் போனவன், துரைமார் சமையலை மட்டும் கற்றுக்கொண்டு அங்கிருந்து நேரே இந்தக் குசினிக்கு வந்துவிட்டான். வீட்டில் அடுப்பு அவளுடையது. அதே ஹோட்டலில் அறைகளைக் கூட்டிப் படுக்கை விரிக்கும் ஆயா வேலையும் அவளுக்குத்தான். குசினி வாசலை மட்டும் அவள் தாண்டியதில்லை. அவன் தாண்ட விட்டதில்லை.

ஐம்பத்தாறில் ஆட்சி மாறிய மறுவருடம், ஹோட்டலை நடத்திவந்த துரைசாணி அதை விற்றுவிட்டுக் கப்பலேறினாள். தோட்டத்துத் துரைமாரும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கப்பற்படையும் போகப்போவதாகப் பேச்சு. சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்ததால் கொழும்பில் இறங்கி மலை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களும் குறைந்துபோனார்கள். ஹோட்டலை வாங்கிய குணதாச முதலாளி பெயர்ப்பலகையில் சிங்கள எழுத்தைப் பெரிதாக எழுதவைத்தார். சித்திரைப் புத்தாண்டு சீசனுக்குக் கொழும்புக் குடும்பங்களுக்குச் சொல்லி அனுப்பினார். பிறகு குசினிக்கு வந்தார்.

"கோக்கி, இனி பகலைக்கு சோறும் கறியும். வாறது எங்கட ஆக்கள். செய்ய ஏலும்தானே?"

"ஏலும் மஹத்தயா" என்றான் அழகுமுத்து.

அன்று சாயங்காலம் அவன் அதைச் சொன்னபோது அம்மாக்கண்ணுவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ஏலுமா? ஒங்களுக்கா? ஒல கொதிக்கிறதுன்னா என்னான்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"சிரிக்காத புள்ள. தமிழனப் பாத்து கறி வைக்கத் தெரியுமான்னு கேட்டா தெரியாதுன்னா சொல்றது?"

"சரி, கேட்டுக்கிடுங்க. மொதல்ல மல்லிய..."

"எத்தன கரண்டி?"

"கரண்டியா? கையால அள்ளிப் போட வேண்டியதுதான்."

"ஒங் கை அளவா, எங் கை அளவா?"

அவள் மறுபடியும் சிரித்தாள். அவன் முகம் சுருங்கியதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். அவனுக்கு ஒன்று தெரியாமலிருப்பதை அவள் பார்த்ததேயில்லை. அதைப் பார்க்கத் தனக்குப் பிடித்திருக்கிறது என்பது அவளைக் கொஞ்சம் கூச வைத்தது.

முதல் நாள் கொழும்பிலிருந்து இரண்டு குடும்பங்கள் வந்தன. அழகுமுத்து மீன் குழம்பு வைத்தான். அவள் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் போட்டான். ஆனால் குழம்பு தண்ணீராக இருந்ததும் கை தன்பாட்டுக்கு வேலை செய்துவிட்டது. பட்டரில் கோதுமை மாவை வறுத்துக் கலந்து கெட்டியாக்கினான். பிறகு துரைமார் சூப்புக்குச் செய்வதுபோலவே துணியில் வடிகட்டினான். வெங்காயம், மிளகாய், கறிவேப்பிலை எல்லாம் துணியோடு போயின. பளபளவென்று வழவழப்பாக ஒரு குழம்பு வெள்ளைப் பீங்கான் சாடியில் மேசைக்குப் போனது.

தட்டுகள் தின்னாமலே திரும்பிவந்தன. மத்தியானம் அறை கூட்டப் போன அம்மாக்கண்ணு, அந்தக் குடும்பங்கள் குடையைப் பிடித்துக்கொண்டு பஸாரிலுள்ள அன்ஸார் நானாவின் சாப்பாட்டுக் கடைக்குப் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முதலாளியும் பார்த்தார்.

"நாளைக்கும் இப்பிடியெண்டா கொழும்பிலயிருந்து வேற கோக்கி கூட்டிவருவன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வேறு கோக்கி வந்தால் அழகுமுத்து எங்கே போவான்? தேயிலைக் கொழுந்து பறிக்கத் தெரியாது, செடியைக் கவ்வாத்து வெட்டத் தெரியாது. ரோஸ்ட் கேட்கிறவர்கள்தான் கப்பலேறிக்கொண்டிருக்கிறார்களே. அன்றிரவு அவன் வெள்ளைத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

விடிந்ததும் அவளைத் தேடி அவள் கூட்டிக்கொண்டிருந்த அறைப்பக்கம் வந்தான். கையில் அவள் வெளுத்துக் காயப்போட்டிருந்த ஏப்ரன் இருந்தது.

"உள்ள வா புள்ள."

"எங்க?"

"குசினிக்கு. வேற எங்க?"

இத்தனை வருடம் அவள் வெளியிலிருந்தே மோந்து பார்த்த இடம். உள்ளே அவன் வேறு ஆள்போல இருந்தான். எந்தச் சட்டி எங்கே தொங்குகிறது என்று பாராமலே கை போனது. வீட்டில் தண்ணீர்ச் செம்பைக்கூடத் தேடுகிறவன். இந்த மனிதனைத் தன்னிடம் காட்டாமலே வைத்திருந்தானே என்று அவளுக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு ஆசையும் வந்தது. அவன் வெங்காயத்தை நரம்புபோல அரிந்து கொடுத்தான். பஸாருக்குக் காய் வாங்கப் போகும்போது சிங்களப் பெண்களிடம் கேட்டறிந்த மாதிரி, தேங்காய்ப்பால் விட்டு மாசிக் கருவாட்டுத்தூள் தூவி அவள் கறி வைத்தாள். வடிகட்டும் துணி இருந்த பக்கம் அவன் கை போனபோது ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"சும்மா இருக்க மாட்டீங்க?"

அன்று வந்தவர்கள் இரண்டாவது தடவையும் சோறு கேட்டு வாங்கித் தின்றார்கள். முதலாளி கோக்கியைச் சாப்பாட்டு மேசைக்குக் கூப்பிட்டார். அழகுமுத்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு போனான். கதவுக்கு இந்தப்பக்கம் அம்மாக்கண்ணு நின்றாள். தானே வைத்ததாகப் பொய் சொல்லட்டும் என்று நினைத்தாள். உண்மையைச் சொன்னால் அவனை அனுப்பிவிட்டு அவளை வைத்துக்கொள்ளலாமே. அப்படி ஒரு வேலை அவளுக்கு வேண்டாம். ஆனாலும் அவன் பொய் சொல்லிவிடுவானோ என்று கதவில் காதை வைத்தாள்.

"நான் வைக்கல மஹத்தயா" என்ற அவன் குரல் கேட்டது. "எஞ் சம்சாரம் வச்சது. எனக்குக் கறி வைக்கத் தெரியாது."

பிறகு ஒரு பெண் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். முதலாளியும் சிரித்தார்.

"அப்ப பகலைக்கு அவ சமைக்கட்டும். ஆயா வேலைக்கு வேற ஆள் பாப்பம். இன்னும் நாலு வெள்ளைக்காரன் வருவான். காலையும் ராவும் நீ பாரு. அவளுக்கு உதவியும் செய்."

அழகுமுத்து திரும்பிவந்து தொப்பியைக் கழற்றினான்.

"ஏன் சொன்னீங்க? வெளியில போன்னு சொல்லியிருந்தா?"

"கேட்டாரு, சொன்னேன்" என்றான். பிறகு, துரைசாணியிடம் கேட்பானே, அதே பணிவோடு, "நாளைக்கி என்ன கறி? என்னா எடுத்து வைக்கட்டும்?" என்று கேட்டான்.

அவளுக்குப் பதில் தெரியும். பருப்பும் கத்தரிக்காயும். ஆனால் அவனைக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.