வைத்தால் ஒன்று, வைக்காவிட்டால் ஒன்று

ஞாயிற்றுக்கிழமை அதுவுமாகத் தம்பி மூன்று மாடி ஏறி வந்தபோதே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சும்மா வருகிற ஆளா அவன்? ஆளுக்கொரு கப் டீயோடு உட்கார்ந்ததும் ஒரு சிமென்ட் கம்பெனியின் பெயரைச் சொன்னான். சிநேகிதன் ஒருவன் அடித்துச் சொல்கிறானாம், அந்தப் பங்கு எங்கேயோ போகப்போகிறதாம். பட்டறைக்குப் புது மெஷின் வாங்க வைத்திருந்த பணம் மொத்தத்தையும் நாளைக் காலை சந்தை திறந்ததும் அதில் போடப்போகிறான்.

அக்காவுக்குப் பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்தில் வேலை. அந்தப் பங்கை இரண்டு மாதமாக நோண்டிக்கொண்டிருப்பவளே அவள்தான். நாலைந்து பேர் கூட்டுச் சேர்ந்து, தங்களுக்குள்ளேயே வாங்கி விற்று, விலையை ஊதிவிட்டிருந்தார்கள். நாளை மதியம் அதன் வியாபாரத்தை நிறுத்தி உத்தரவு வரும். அதுவரை வெளியே மூச்சு விடக்கூடாது. தன் ஆளுக்கு மட்டும் அவள் சொன்னால், அந்தக் கூட்டத்துக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அதற்காக, கூடப்பிறந்தவன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்காருவதை வேடிக்கை பார்ப்பதா?

பங்கின் பெயரை யார் எடுத்தாலும் அவள் பேச்சை மாற்றிவிடுவாள். இப்போதும் மழையைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். தம்பி அசரவில்லை.

"நீ வாயத் தொறக்கவே வேணாம்க்கா. வாங்கக்கூடாதுன்னா அந்தக் கப்பக் கீழ வை. அவ்ளோதான்."

அடப்பாவி! வைத்தால் வேலைக்குத் துரோகம். வைக்காவிட்டால் அவளே வாங்கச் சொன்னதாக ஆகிவிடும். கப் சுட்டது. அவனை நாலு சாத்து சாத்த வேண்டும்போல இருந்தது, பாவமாகவும் இருந்தது. எழுந்து போய் அந்தக் கப்பை அவனுடைய இன்னொரு கையில் கொடுத்தாள்.

"எந்தக் கம்பெனியக் கேட்டிருந்தாலும் இதேதான்டா. நீ கேட்டேன்னு நாளைக்கு ஆபீஸ்ல எழுதிக் கொடுத்துருவேன்."

"என்னைப் பத்தியா?"

"ஆமா."

தம்பியின் முகம் சுருங்கிப்போனது.

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. சிநேகிதன்தான் என்பது அவன் குனிந்து பைக்குள் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. இரண்டு கையிலும் கப்போடு உட்கார்ந்திருந்தான். போனை எடுக்க ஒன்றையாவது கீழே வைத்தாக வேண்டும்.