மாப்பிள்ளை அழைப்புக் கார்

வைகாசி அந்தி, வெயில் மலைக்குப் பின்னே சாய்ந்த பிறகும் ரதவீதிக் கருங்கல்லில் பகலின் வெம்மை அடங்காமல் மூச்சுவிடுகிறது, வேப்பம்பழம் உதிர்ந்த தெருவில் காற்று நோன்பிருப்பதுபோல் அசைவற்று நிற்கிறது, அந்தக் கனத்த மௌனத்தினூடே நாகசுரம் எழுகிறது, அதன் பின்னே நான் என் தந்த நிறச் சீமைக் காரை நடைவேகத்தில் ஊரவிடுகிறேன், கூரை மடித்த பின்னிருக்கையில் மாப்பிள்ளை பூவலிங்கம், அருகே அவன் தந்தையும் என் மனைவியின் தம்பியுமான ஆவுடையப்பன், பட்டும் சந்தனமுமாய். ஜமீன் ஏலத்தில் எடுத்த நாள்முதல் இந்தக் காரை நான் தொழுதிருக்கிறேன் என்றே சொல்வேன், விடியலில் துடைக்கையில் அதன் மேனியில் என் முகம் சுனைநீரில் தெரிவதாய்த் தெரியும், ஓடும்போது அன்னம், ஆனால் ஓரிடத்தில் நிறுத்தி உறுமவிட்டால் பெட்ரோல் சூடேறி இன்ஜின் அணைந்துவிடும், பிறகு ஆறும்வரை எந்த வேண்டுதலுக்கும் இரங்காது, என் மகளின் கல்யாண ஊர்வலத்தில் அப்படித்தான் அணைந்தது, சம்பந்தி வீட்டார் நடுவே ஆவுடையப்பன் கைகொட்டினான், அத்தான், இது காரா சப்பரமா, வடத்தக் கட்டுங்க, ஊரே சேந்து இழுக்கட்டும், ஊர் சிரித்தது, நான் தனியே தள்ளினேன், மாலைக்குள் முகம் புதைத்து என் மகள் அழுகையை விழுங்கினாள், இன்னும் விழுங்கிக்கொண்டிருக்கிறாள்.

அவனேதான் போன மாதம் வந்தான், ஊர்ல இதவிட்டா வேற தெறந்த காரு ஏது அத்தான், எம்மவன் அழைப்புக்கு நீங்கதான் ஓட்டணும், சரி மாப்ளே என்றேன், உள்ளே ஒரு நாகம் சுருள் அவிழ்த்தது. இப்போது அவன் நாகசுரக்காரருக்கு ஆணையிடுகிறான், மூலைக்கு மூலை நின்னு ஊதும்வே, பொண்ணு வீட்டுக்காரவுக கேக்கட்டும், கார் நிற்கக் கூடாது என்று சொல்ல அசைந்த நாவை அடக்கினேன், வேறெதுவும் செய்யவில்லை, மௌனமே என் படைக்கலம், ராகம் விரிய விரியக் கார் கொதித்தது, பிள்ளையார் கோயில் முன்னே, பெண் வீட்டார் காண, குலுங்கி அணைந்தது. என்னாச்சு அத்தான். தள்ளணும் மாப்ளே, வடம் கொண்டாரச் சொல்லவா. அவன் முகம் கறுத்ததைக் கண்ணாடியில் அமுதாய்ப் பருகினேன், பட்டு வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளினான், நல்லா முக்கித் தள்ளும்வே என்று கூட்டத்தில் எவனோ கூவினான், ஊர் சிரித்தது, இன்னும் சிரிக்கட்டும் என்றிருந்தேன், அப்போது கண்ணாடியில் இன்னொரு தோள், மாலையும் கழற்றாமல் பூவலிங்கம், ஏலே நீ ஏறுலே, மாப்ள தள்ளப்புடாது என்று தந்தை விரட்டினான், நீங்க தள்ளையில நான் எப்படிப்பா உக்காருவேன், அந்தக் குரல் உடைந்த இடத்தில் என் மகளின் தொண்டை தெரிந்தது, பருகியது கசந்தது.

இறங்கினேன், சன்னிதியில் தலையில் குட்டிக்கொண்டு, திருநீறு அள்ளி வந்து பூவலிங்கத்தின் நெற்றியில் பூசினேன், அவன் தந்தையும் தலை தாழ்த்தினான், ஒரு மூச்சு அவனை அப்படியே காக்கவைத்தேன், பழியில் அது என் பங்கு, பிறகு அவனுக்கும் பூசினேன், நல்லா இரும் மாப்ளே, ஒம்ம மவன் குடும்பம் தழைக்கட்டும்.