சுவரைப் பார்த்துக் குடிக்கிற ரூட் பீர்

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குடிக்காத மனிதனுக்குப் போக்கிடம் கிடையாது. நாலு பார், ஒரு சர்ச், ஒரு பெட்ரோல் பங்க். ஊரே அவ்வளவுதான். பிரசங்கம் முடிந்த கையோடு சர்ச் காலியாகிவிடும். அப்புறம் ஃபுட்பால். அமெரிக்காவில் எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துக்காரனுக்கு ஃபுட்பால் என்றால் பார், பார் என்றால் பிராந்தி. வெறும் சோடாவை வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முதலில் தோளில் தட்டுவார்கள். அப்புறம் கிண்டல் செய்வார்கள். கடைசியில் நம் ஸ்டூலைக் காலி என்று நினைத்துக் கோட்டைக் கழற்றிப் போடுவார்கள். இனி ஒரு சொட்டு கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கென்று மிஞ்சியது ஆர்லனின் கராஜ் ஒன்றுதான்.

ஆர்லன் ஸ்கூல் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். குடியை எனக்கு முன்னாலேயே விட்டவன். லோயிஸ் என்பவள் ஏரிக்கரையில் தூண்டில்காரர்களுக்குப் புழுவும் குஞ்சு மீனும் விற்கிறவள். பிறந்ததிலிருந்து மதுவை வாயில் வைக்காதவள். அதற்காக ஊர் அவளை இன்னும் மன்னிக்கவில்லை. நான் டெல். கவுண்டி நிர்வாகத்துக்காக ரோட்டுப் பனியைத் தள்ளும் வண்டியை ஓட்டிக் காலம் தள்ளியவன். வீட்டில் நானும் ஒரு ரேடியோவும்.

ஞாயிறுதோறும் நாங்கள் மூன்று பேரும் அந்தக் கராஜில் கூடி ரூட் பீர் குடிப்போம். பீர் என்பது பெயருக்குத்தான், சின்னப் பிள்ளைகளின் பிறந்தநாள் சோடா அது. வேரும் பட்டையும் மூலிகையும் மணக்கிற பழுப்பு நிற இனிப்புத் தண்ணீர். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இந்த மாநிலத்தில் ஒவ்வொரு ஊரிலும் எவனாவது ஒருவன் சொந்தமாக ரூட் பீர் காய்ச்சி பாட்டிலில் அடைக்கிறான், ஒன்று போல ஒன்று இருக்காது.

"நுரைதான்டா முக்கியம்" என்பான் ஆர்லன். "பிளாக் ஆக்ஸ் பாட்டிலை ஊத்திப் பாரு. நீ போய் விறகு எடுத்துட்டு வர்ற வரைக்கும் நுரை அப்படியே நிக்கும். தேன் போட்டுக் காய்ச்சறான்."

"அது ரூட் பீரா, ஷேவிங் க்ரீமா?" என்பாள் லோயிஸ். "கிரே ஹெரன் குடி. இனிப்பு கம்மி. தொண்டையில சில்லுன்னு இறங்கும், கடைசியில லேசா ஒரு கசப்பு. அந்தக் கசப்பு இல்லாட்டி அது வெறும் மிட்டாய்த் தண்ணி."

எனக்கு இரண்டும் முக்கியமில்லை. நல்ல ரூட் பீரை விழுங்கி, வாயை மூடி, மூக்கால் மூச்சு விட்டால் உள்ளிருந்து ஒரு வாசம் மேலே ஏறும். வெனிலா, அதிமதுரம், மழைக்குப் பிறகான காட்டு மண். அந்த இரண்டாவது வாசம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் என் கணக்கு. இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் இருவரும் மறுத்துப் பேசமாட்டார்கள். கராஜில் என் மூக்குக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

எங்களுக்குச் சட்டதிட்டம் உண்டு. கேன் ஆகாது, கண்ணாடி பாட்டில் மட்டும். ஐஸ் போடக்கூடாது. பாட்டில்களைப் பழுப்புக் காகிதப் பையில் கழுத்துவரை மூடி, கலைத்துவைத்து, நம்பர் போடுவோம். ஒருவர் முகம் கோணினால் மற்றவர் தீர்ப்பு கெட்டுப்போகும் என்று ஆளுக்கொரு சுவரைப் பார்த்து நாற்காலியைத் திருப்பிக்கொள்வோம். மார்க் எழுதும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பிடிக்காததைப் பக்கத்தில் இருக்கும் காப்பி டப்பாவில் துப்பிக்கொள்ளலாம். வயதான மூன்று பேர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் சோடா குடிப்பதை வெளியாள் பார்த்தால் ஆஸ்பத்திரிக்கு போன் செய்வான்.

முன்பு நாங்கள் நாலு பேர். கிளேட்டன் என்று ஒருவன் இருந்தான். சர்க்கரை நோய் வந்து டாக்டர் இனிப்பை நிறுத்திவிட்டார். "சும்மா வந்து உக்காரு" என்றோம், மனசாரத்தான் சொன்னோம். வந்தான். நாங்கள் குடித்தோம், சண்டை போட்டோம், அவன் ஜன்னலைப் பார்த்தான். குடிக்காதவனிடம் என்ன பேசுவது என்று எங்களுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நாளில் அவன் வருவதை விட்டான், நாங்களும் கூப்பிடுவதை விட்டோம். யாரும் யாரையும் துரத்தவில்லை.

அதனால்தான், மார்ச் மாதம் ஒரு காய்ச்சலில் என் மூக்கு செத்துப்போனபோது நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காலையில் காப்பி வெந்நீராக இருந்தது. பன்றி இறைச்சி அடுப்பில் கரிந்து புகை அலாரம் அடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. "திரும்பி வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்வதற்கு எதற்கு டாக்டர்? நாக்கில் இனிப்பும் கசப்பும் மட்டும் மிச்சம். ரூட் பீர் என்பது சர்க்கரைத் தண்ணீரும் ஊசிக்குத்தலும் என்று ஆயிற்று.

ஆனாலும் போனேன். மூடி திறக்கும் சத்தம், நுரையின் உயரம், நாக்கில் குத்தும் வேகம், தொண்டையில் இறங்கும் சில்லிப்பு, இவற்றை வைத்தே மார்க் போட்டேன். மற்றதை வாயால் ஜோடித்தேன். "அதிமதுரம் தூக்கலா இருக்கே", "வெனிலா கொஞ்சம் பின்வாங்குது" என்று அளந்துவிட்டேன். வசந்தமும் கோடையும் அப்படியே ஓடின. பயம் ஒன்றே ஒன்றுதான். வருஷத்துக்கு ஒருமுறை, எந்த ஞாயிறு என்று சொல்லாமல், ஆர்லன் ஒரு பாட்டிலில் விஷமம் செய்வான். ஒரு தடவை ஆறிப்போன காப்பி, ஒரு தடவை உலர்பழச் சாறு. ஏமாந்தவர் கோப்பை கழுவவேண்டும்.

நவம்பரில் மான் வேட்டை தொடங்கிய மறுநாள், ஞாயிறன்று, அந்தப் பாட்டில் வந்தது. ஊர் ஆண்கள் பாதிப் பேர் ஆரஞ்சுக் கோட்டில் காட்டுக்குள், மீதிப் பேர் பாரில். கராஜில் விறகடுப்பு எரிந்துகொண்டிருந்தது. என் சுவரைப் பார்த்து உட்கார்ந்து நாலாம் நம்பர் கோப்பையைக் காலி செய்தேன். நல்ல நுரை. நல்ல குத்தல். இனிப்பு அளவாக இருந்தது.

"நாலாம் நம்பர்?" என்றான் ஆர்லன். குரல் ஒரு மாதிரி இருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

"ஒம்போது" என்றேன். "நல்ல வெனிலா. விழுங்கின பிறகும் அப்படியே நிக்குது. இந்த வருஷம் இதை அடிச்சுக்க ஒண்ணு வராது."

ஆர்லன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். "அடப்பாவி! அது இறைச்சிக்குப் புகை வாசனை ஏத்துற தண்ணிடா! சர்க்கரையும் சோடாவும் கலந்து வச்சேன். லோயிஸ் வாயில வச்ச உடனே துப்பிட்டா. நீ சப்புக்கொட்டிக் குடிச்சிருக்கே!"

"தெரியும்" என்றேன். "உனக்கே ஆப்பு வைக்கலாம்னுதான் சொன்னேன்."

"கதை விடாத. ஊரே மணக்குது, அதை எவனாவது முழுசா குடிப்பானா?" எழுந்து வந்து என் கோப்பையை எடுத்துப் பார்த்தான். ஒரு சொட்டு மிச்சமில்லை. அவன் சிரிப்பு மெல்ல வற்றியது. "டேய் டெல், நிஜமாவே தெரியலையா?"

லோயிஸ் தன் சுவரைப் பார்த்தபடியே பேசினாள்.

"அவனுக்கு மூக்கு போய் ரொம்ப நாளாச்சு ஆர்லன். ஜூலையில கரண்ட் போயி என் கடையில குஞ்சு மீன் தொட்டி முழுக்க செத்து நாறிச்சு. வாசல் வரைக்கும் வந்தவன் எல்லாம் திரும்பி ஓடினான். இவன் தொட்டிமேல சாஞ்சுகிட்டு சாண்ட்விச் சாப்பிட்டான்."

"அப்பவே கேட்டிருக்கலாமே" என்றேன். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"கேட்டிருந்தா மறுவாரம் வந்திருப்பியா?"

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கோப்பைகளைக் கூடக் கழுவவில்லை.

அந்த வாரம் ரேடியோவை அணைக்கவே இல்லை. சூப் டப்பாவைத் திறந்து சூடாக்கி, எதன் சூப் என்று லேபிளைப் படித்துத் தெரிந்துகொண்டு சாப்பிட்டேன். எனக்குப் பேச ஆள் வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சமையலறையில் அது அசிங்கமாகக் கேட்டது.

சனிக்கிழமை ஆர்லன் போன் செய்தான். "உனக்கு ஒரு வேலை வச்சிருக்கேன். இனிமே பாட்டில் வாங்கறது, பையில போடறது, ஊத்தறது எல்லாம் நீதான்."

"இரக்கப்படறியா?"

"இரக்கமாவது மண்ணாவது. ஓரவஞ்சனை இல்லாம ஊத்த ஒரு ஆள் வேணும். உனக்குத்தான் எந்தப் பாட்டில் மேலயும் ஆசை இல்லையே."

நல்ல மனசோடுதான் சொன்னான். போனை வைத்த பிறகும் அந்த 'ஆசை இல்லையே' காதிலேயே கிடந்தது.

ஞாயிறுதோறும் போய் ஊற்றினேன். அவர்கள் இருவரும் ஆளுக்கொரு சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார்கள். நான் நடுவில் அடுப்போரம், இரண்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு. லோயிஸ் கண்ணை மூடும்போது அவள் தோள் கொஞ்சம் இறங்கும் என்பதை அப்போதுதான் கவனித்தேன். பிறகு அவர்கள் திரும்பி உட்கார்ந்து சண்டை போடுவார்கள். கிராம்பு, தேன், நுரை. என்னிடம் கேட்பது ஒரே கேள்வி, "எதுடா அது?" நான் பையைக் கிழித்து லேபிளைக் காட்டுவேன். "ஆஹா" என்பார்கள். அதோடு என் பங்கு முடிந்தது. சில வாரங்களில் பேச்சு என் தலைக்கு மேலாகவே போய்வந்தது. கிளேட்டன் ஏன் ஜன்னலைப் பார்த்தான் என்று எனக்குப் புரிந்தது.

ஜனவரியில் ஒரு நாள் பாட்டில் வாங்கப் பெரிய டவுனுக்குப் போனேன். கடையில் ரூட் பீருக்கென்றே ஒரு அலமாரி உண்டு. எதை எடுப்பது? வாசம் தெரியாதவனுக்கு எல்லாம் பழுப்புதான். கீழ்த்தட்டில் தூசி படிந்த ஒரு பாட்டில் இருந்தது, நான் கேள்விப்படாத பெயர். கழுத்து மற்றவற்றைவிட நீளமாக இருந்தது. அதற்காகவே எடுத்தேன்.

ஞாயிறன்று அதுதான் கடைசிப் பாட்டில். நான் ஊற்றுவதற்குள் ஆர்லன் சுவரைப் பார்த்தபடியே சொன்னான், "அடுத்த வாரம் நீ சிரமப்படாத டெல். பனிப்புயல் வருதாம். பழைய பாட்டில் நாலஞ்சு இங்கேயே கிடக்கு, நானும் லோயிஸும் பாத்துக்கறோம்."

"சரி" என்றேன். இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று எனக்குத் தெரியாதா? அவனும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டிலை ஊற்றிக் கொடுத்தேன். இருவரும் குடித்தார்கள். ஆர்லன் கோப்பைக்குள் மூக்கை விட்டான். லோயிஸ் இன்னொரு வாய் குடித்தாள். பிறகு இருவரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"பத்து" என்றான் ஆர்லன்.

"பத்து" என்றாள் லோயிஸ். அவள் பத்து போட்டு நான் பார்த்ததே இல்லை. "நுரையும் இருக்கு, கசப்பும் இருக்கு. விழுங்கின அப்புறம் மேல வருது பாரு ஒண்ணு..." என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"எதுடா அது? எங்க புடிச்ச?" ஆர்லன் கையை நீட்டினான்.

பையின் மேல் என் கை இருந்தது. கிழிக்கவில்லை.

"அடுத்த ஞாயிறு சொல்றேன்."

"என்னடா விளையாட்டு? காட்டு."

"அடுத்த ஞாயிறு."

அவன் எட்டிப் பிடிக்க வந்தான். நான் பாட்டிலைக் கோட்டுக்குள் திணித்து ஜிப்பை இழுத்துவிட்டேன். மிச்சமிருந்த ரூட் பீர் சட்டையெல்லாம் கொட்டிக் குளிர்ந்தது. ஓய்வு பெற்ற கவுண்டி ஊழியன், தலை நரைத்தவன், ஒரு சோடா பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு அடுப்போரம் நின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் கையை எடுக்க மனம் வரவில்லை. அதன் பெயர் எனக்கு மட்டும்தான் தெரியும். அதைத் தவிர என்னிடம் அவர்களுக்கு வேண்டியது எதுவும் இல்லை.

"பைத்தியம் புடிச்சிருச்சா இவனுக்கு?" என்றான் ஆர்லன்.

லோயிஸ் தன் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"விடு ஆர்லன். அடுத்த வாரம் வந்து சொல்லட்டும்."

"புயல் வருதுங்கறேன்!"

"இவன் பாக்காத பனியா? மெதுவா ஓட்டிட்டு வருவான்."

ஆர்லன் முணுமுணுத்துக்கொண்டே விறகு எடுக்க வெளியே போனான். லோயிஸ் கோப்பைகளை அடுக்கினாள். என் பக்கத்தில் வந்தபோது, ஈரமாகிக்கொண்டிருந்த என் கோட்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அடுத்த வாரமும் சொல்லிடாத, டெல்."